நடுவில் நிற்காத டிராக்டர்: பழைய லிஃப்டுக்கு பொசிஷன் கன்ட்ரோல்



போன எபிசோடில் ஃபீட்பேக் பற்றிப் பேசினோம். வீட்டுத் தெர்மோஸ்டாட், டிரோன், காரின் க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாம் வந்து போச்சு. நடுவில் போகிற போக்கில், "80 வருஷப் பழைய டிராக்டருக்கு ஒரு இரும்புப் பட்டையை வச்சு ஃபீட்பேக் கொடுத்தோம்" என்று நான் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. கேள்விகள் மூணு வகை. பொசிஷன் கன்ட்ரோல்னா என்ன? எப்படிப் பண்ணினீங்க? இந்தக் காலத்துல அதுக்கு ஏன் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போடலை?

ஆடியோவில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க அந்த டிராக்டர்தான். டிராக்டரே ஓட்டாதவர்களும் படிக்கலாம். சர்வோ மோட்டார் ஓட்டியிருந்தால் போதும், விஷயம் ஒண்ணுதான்.

எந்த டிராக்டர், என்ன வேலை

டிராக்டர் என்னுடையது இல்லை. ஒன்டாரியோவில், டொரொன்டோவுக்கு வடக்கே கொஞ்சம் நிலத்தோடு பழைய வீடு வாங்கின நண்பர் ஒருவருடையது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு அண்ணை. வீட்டோடு கொட்டகையும், கொட்டகையோடு ஒரு ஃபோர்ட் 2என் டிராக்டரும் வந்தது. 1939-ல் வந்த ஃபோர்ட் 9என் டிராக்டரின் போர்க்கால வடிவம்தான் 2என். 1942-லிருந்து 1947 வரை செய்தார்கள்.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு 200 மீட்டர் சரளைக்கல் பாதை. குளிர்காலத்தில் அதில் பனி தள்ளணும். டிராக்டரின் பின்னால் ஒரு பிளேடு மாட்டித் தள்ளுவார். இது அழகுக்குச் செய்கிற வேலை இல்லை. கிராமப்புறத்தில் பல வீடுகளுக்கு வெப்பம் தருவது புரோபேன் வாயு. அது லாரியில் வரும். பாதை சுத்தமாக இல்லையென்றால் லாரி உள்ளே வராது. வெளியே மைனஸ் 25 டிகிரி இருக்கும்போது டேங்க் காலியானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்கு விடியற்காலை 5 மணிக்கு வேலைக்குக் கிளம்பணும், அதுவும் இருக்கு.

பிரச்சினை பிளேடின் உயரத்தில். நிலம் முழுசா உறையாத நவம்பர், டிசம்பரில் பிளேடு தரையைத் தொட்டால் சரளைக்கல்லையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய் புல்வெளியில் கொட்டும். நாலைந்து சென்டிமீட்டர் மேலே நிற்கணும். அது நிற்காது. அண்ணை சொன்னதை அப்படியே எழுதுறேன்: "தம்பி, உது ஏறினா உச்சிக்கு ஏறும், இறங்கினா நிலத்தில குந்தும். நடுவில நிக்கிற குணம் இல்லை."

ஒரு பொறியியல் புத்தகம்கூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

உள்ளே என்ன நடக்குது

முதல்ல லிஃப்ட். டிராக்டரின் வயிற்றில், எண்ணெயில் மூழ்கின மாதிரி ஒரு சின்ன பிஸ்டன் பம்ப். அதைச் சுற்றுவது பி.டி.ஓ. ஷாஃப்ட். பம்ப் தள்ளுகிற எண்ணெய் மேலே இருக்கிற ஒரே ஒரு பெரிய சிலிண்டருக்குள் போகும். அங்கே இருக்கிற பிஸ்டன் ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும். அதன் இரண்டு பக்கமும் லிஃப்ட் ஆர்ம்கள். அவை கீழே இருக்கிற லோயர் லிங்குகளைத் தூக்கும். பிளேடோ கலப்பையோ அதில்தான் மாட்டியிருக்கும்.

எண்ணெய் தூக்க மட்டும்தான் செய்யும். இறக்குவது கருவியின் சொந்த எடை. எண்ணெய்க்கு வழி விட்டால் போதும், தானா இறங்கிவிடும்.

இந்த எல்லாத்துக்கும் எஜமான் பம்பிலேயே இருக்கிற ஒரு சின்ன வால்வ். அதுக்கு மூணு நிலை. ஒரு பக்கம் நகர்ந்தால் பம்ப் எண்ணெய் உறிஞ்சும், ஆர்ம் ஏறும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் சிலிண்டரில் இருக்கிற எண்ணெய் வெளியே வடியும், ஆர்ம் இறங்கும். நடுவில் நின்றால் இரண்டு வழியும் மூடி, ஆர்ம் நிற்கும். இந்த நடு நிலை சில மில்லிமீட்டர்தான்.

சீட்டுக்கு வலது பக்கம் இருக்கிற லீவரை நீங்க பின்னால் இழுத்தால் வால்வ் 'ஏற்று' நிலைக்குப் போகும். அங்கேயே இருக்கும். ஆர்ம் ஏறிக்கொண்டே போகும். உச்சிக்குப் போனதும் பிஸ்டனின் விளிம்பு உள்ளே ஒரு கையைத் தட்டி வால்வை நடுவுக்குக் கொண்டுவரும். அதாவது, 'போதும்' என்று லிஃப்ட் தானே சொல்லிக்கொள்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: உச்சி. வேறு எந்த உயரத்திலும் அது எங்கே இருக்கிறது என்று வால்வுக்குத் தெரியாது.

நீங்க கண்ணால் பார்த்து, சரியான நொடியில் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் நிற்கும்தான். ஆனா 80 வருஷப் பழைய சீல். எண்ணெய் கசியும். ஆர்ம் மெல்ல மெல்ல இறங்கும். இறங்கினது யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும், டிராக்டருக்குத் தெரியாது.

கலப்பைக்கு உயரம் வேண்டியதில்லை

இதைக் கேட்டதும், அந்தக் காலத்து எஞ்சினியர்கள் ஏன் இப்படி விட்டார்கள் என்று தோணும். அவர்கள் விடவில்லை. அவர்கள் வேறொரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்திருந்தார்கள்.

இந்த லிஃப்டின் மூளை ஹாரி ஃபெர்குசன், வட அயர்லாந்துக்காரர். டிராக்டர் பின்னால் வண்டி மாதிரி கலப்பையை இழுத்துக்கொண்டு போவதை விட்டு, மூணு இடத்தில் டிராக்டரோடு சேர்த்து மாட்டுவது அவருடைய முறை. இன்றைக்கு உலகத்தில் எந்த ஊர் டிராக்டரைப் பார்த்தாலும் பின்னால் இருக்கிற த்ரீ பாயிண்ட் லிங்கேஜ் அதிலிருந்து வந்ததுதான். 1938-ல் அவரும் ஹென்றி ஃபோர்டும் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் கைகுலுக்கி முடிவு பண்ணினார்கள். அடுத்த வருஷம் 9என் வந்தது.

கலப்பை மண்ணுக்குள் ஓடும்போது அதன் அடிப்பகுதியை மண் பின்னால் இழுக்கும். அதனால் மேல்பகுதி முன்னால் சாயப் பார்க்கும். மேலே இருக்கிற டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். ஃபெர்குசன் அந்த இடத்தில் ஒரு தடித்த ஸ்பிரிங் வைத்தார். மண் இறுகினால் இழுவை கூடும், ஸ்பிரிங் அமுங்கும், அது வால்வைக் கொஞ்சம் 'ஏற்று' பக்கம் நகர்த்தும், கலப்பை சற்று மேலே வரும், இழுவை குறையும், ஸ்பிரிங் விரியும், வால்வ் நடுவுக்கு வரும். மண் இளகினால் நேர் எதிர். இதுதான் டிராஃப்ட் கன்ட்ரோல்.

ஊரில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். மேடு பள்ளமான வயலில் முன் சக்கரம் ஏறி இறங்கினாலும் உழவு ஆழம் ஓரளவு ஒரே மாதிரி வரும். டிராக்டரும் திணறி நின்றுபோகாது. கலப்பைக்கு உயரம் முக்கியமே இல்லை. அதுக்கு முக்கியம் இழுவை. அந்த லீவர் சொல்வது 'இவ்வளவு உயரம்' என்று இல்லை, 'இவ்வளவு இழுவை' என்று.

இங்கேதான் நம்ம எபிசோடின் விஷயம் வருது. ஒரு இயந்திரம் எதை அளக்குதோ, அதைத்தான் அதால் கட்டுப்படுத்த முடியும். 2என் இழுவையை அளக்குது. உயரத்தை அளக்கவே இல்லை. பனி பிளேடு காற்றில் தொங்கும்போது இழுவை என்ற ஒன்றே கிடையாது. ஸ்பிரிங்குக்குச் செய்தி இல்லை. செய்தி இல்லாத இடத்தில் லீவர் வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச் ஆகிடுது.

பிறகு ஃபோர்டும் ஃபெர்குசனும் பிரிந்தார்கள். 1947-ல் ஃபோர்ட் தனியாகக் கொண்டுவந்த 8என் டிராக்டரில் சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல் கூடுதலாக வந்தது. ஒரு பக்கம் தள்ளினால் டிராஃப்ட், மறுபக்கம் தள்ளினால் பொசிஷன். பொசிஷன் பக்கம் வைத்தால் லீவர் எங்கே நிற்குதோ அதற்கேற்ற உயரத்தில் ஆர்ம் நிற்கும். ஃபெர்குசன் பக்கமும் 1954-ல் அமெரிக்காவில் வந்த டிஓ-35-ல் இது வந்துவிட்டது. அந்த 35 வரிசைதான் மாசி ஃபெர்குசன் 35 ஆச்சு. வன்னியில் மாசி ஓட்டியவர்களும், சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் மாசி வண்டிகளை டெல்டாவில் ஓட்டியவர்களும் சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு லீவர் பார்த்திருப்பீங்க. ஒன்று டிராஃப்ட், ஒன்று பொசிஷன். அந்த இரண்டாவது லீவர்தான் அண்ணையின் 2என்-ல் இல்லாதது.

முதலில் சங்கிலி

பட்டை, கம்பி என்று போவதற்கு முன்னால், மலிவான வழி ஒன்று இருக்கு. டாப் லிங்க் மாட்டுகிற போல்ட்டிலிருந்து இரண்டு லோயர் லிங்குகளுக்கும் ஆளுக்கொரு சங்கிலி. வேண்டிய உயரத்துக்குச் சங்கிலியின் கண்ணியை மாட்டிவிட்டு லீவரை முழுசா இறக்கிவிடணும். பிளேடு சங்கிலியில் தொங்கும். எண்ணெய் கசிந்தாலும் கவலை இல்லை. பழைய 9என், 2என் வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் காலம் ஓட்டுகிறார்கள். ஒரே உயரத்தில் நாள் முழுக்க வேலை என்றால் நீங்களும் இதோடு நிறுத்திக்கலாம். இன்னொரு வழி, பிளேடுக்கே சின்னச் சக்கரமோ சறுக்குத் தகடோ மாட்டுவது.

ஆனா பனித் தள்ளும்போது உயரம் மாறிக்கொண்டே இருக்கும். வாசலில் கான்கிரீட், அங்கே தரையோடு வழிக்கணும். பாதையில் 5 சென்டிமீட்டர் மேலே. ஓரத்தில் குவிக்கும்போது இன்னும் மேலே. ஒவ்வொரு தடவையும் இறங்கி, விறைச்ச விரலோடு கண்ணி மாத்துறது நடக்கிற காரியம் இல்லை.

மூணு ஓட்டை போட்ட பட்டை

நமக்கு வேண்டியது, ஆர்ம் எங்கே இருக்கு என்ற செய்தியை வால்வுக்குக் கொண்டுபோற ஒரு வழி. அதுவும் டிராக்டரைத் திறக்காமல். வெளியே இருக்கிற லீவரை நகர்த்தினால் வால்வ் நகரும் இல்லையா, அதுவே போதும்.

20 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு இரும்புப் பட்டை. மேல் நுனியில் ஒரு ஓட்டை, நட்ட நடுவில் ஒன்று, கீழ் நுனியில் ஒன்று. பட்டை எதிலும் நிலையாக மாட்டப்படவில்லை. மூணு ஓட்டையிலும் மூணு கம்பி பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் மிதக்குது.

மேல் ஓட்டை உங்கள் கைக்கு. அதில் ஒரு புதுக் கைப்பிடி. நடு ஓட்டை டிராக்டரின் பழைய லீவருக்கு. கீழ் ஓட்டையிலிருந்து ஒரு கம்பி லிஃப்ட் ஆர்முக்கு.

ஆர்மில் எங்கே பிடிப்பது? ஆர்ம் திரும்புகிற மையத்துக்கு மேலே, நிமிர்ந்து நிற்கிற மாதிரி 10 சென்டிமீட்டர் தகடு ஒன்றை கிளாம்ப் போட்டு இறுக்கினோம். ஆர்ம் ஏறும்போது அதன் பின்நுனி மேலே போகும், அப்போ மையத்துக்கு மேலே இருக்கிற தகடின் நுனி முன்னால் போகும். ஆர்ம் 60 டிகிரி திரும்பினால், 10 சென்டிமீட்டர் உயரத் தகடின் நுனி நேர்கோட்டில் 10 சென்டிமீட்டர் நகரும். பள்ளிக்கூட ஜியோமெட்ரி, சமபக்க முக்கோணம்.

இப்போ கணக்கு. கைப்பிடியை 4 சென்டிமீட்டர் பின்னால் இழுக்கிறீங்க. ஆர்ம் இன்னும் நகரவில்லை, கீழ் ஓட்டை அப்படியே இருக்கு. நடு ஓட்டை அதில் பாதி, 2 சென்டிமீட்டர் பின்னால் வரும். பழைய லீவர் 'ஏற்று' நிலைக்குப் போச்சு. ஆர்ம் ஏறுது. ஏற ஏற தகடு கீழ் ஓட்டையை முன்னால் தள்ளுது. அது 4 சென்டிமீட்டர் முன்னால் போனதும், மேலே 4 பின்னால், கீழே 4 முன்னால், நடு ஓட்டை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வால்வ் மூடியாச்சு. ஆர்ம் நின்றாச்சு. நீங்க கைப்பிடியைத் தொடவே இல்லை.

மொத்த ஓட்டம் 10-ல் 4. பிளேடின் மொத்த ஏற்றம் சுமார் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் 24-ல் நிற்கும். கைப்பிடி எங்கேயோ, பிளேடு அங்கே.

கசிந்து ஆர்ம் இறங்கினால்? தகடு பின்னால் வரும், நடு ஓட்டை பின்னால் வரும், வால்வ் கொஞ்சம் திறக்கும், ஆர்ம் திரும்ப ஏறும். இதுவரை உங்கள் கண் செய்த வேலையை இப்போ கம்பி செய்யுது.

இந்த யோசனை எங்களுடையது இல்லை, 150 வருஷத்துக்கு மேல் பழசு. 1860களில் கிரேட் ஈஸ்டர்ன் என்ற பிரம்மாண்டக் கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்ப ஜான் மெக்ஃபார்லேன் கிரே செய்த இயந்திரத்திலும் இதே கருத்துதான். மாலுமி சக்கரத்தைத் திருப்பினால் வால்வ் திறக்கும், சுக்கான் அந்த அளவுக்குத் திரும்பினதும் அதுவே வால்வை மூடும். 1873-ல் பிரான்ஸில் ஃபார்கோ இதைப் பற்றிப் புத்தகமே எழுதி, 'சர்வோ மோட்டார்' என்று பெயர் வைத்தார். உங்கள் ரோபோ கையில் இருக்கிற சர்வோவின் கொள்ளுத்தாத்தா ஒரு மூணு ஓட்டைப் பட்டை.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

ஒன்று, திசை. தகடை மையத்துக்குக் கீழே தொங்குகிற மாதிரி மாட்டினால் ஆர்ம் ஏறும்போது அது பின்னால் போகும். அப்போ ஏற ஏற வால்வ் இன்னும் திறக்கும். எபிசோடில் சொன்ன பாசிட்டிவ் ஃபீட்பேக். ஏறினால் உச்சி, இறங்கினால் தரை. பிளேடை மாட்டாமல், கைப்பிடியை இழுத்து, கீழ்க் கம்பி எந்தப் பக்கம் தள்ளுது என்று பார்த்த பிறகே கடைசி போல்ட்டை இறுக்கணும்.

இரண்டு, லிஃப்ட் ஆர்மில் ஓட்டை போடாதீங்க, வெல்டும் வைக்காதீங்க. மொத்த பாரத்தையும் தாங்குகிற உறுப்பு அது. கிளாம்ப் போதும். கைப்பிடியின் தாங்கியையும் ஏற்கனவே இருக்கிற போல்ட்களிலேயே பிடிக்கலாம். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றினால் டிராக்டர் பழையபடி இருக்கும். 80 வயசு இயந்திரத்துக்கு நாம கொடுக்கிற மரியாதை அது.

மூன்று, உராய்வு. கீழ்க் கம்பி பட்டையைத் தள்ளும்போது நகர வேண்டியது நடு ஓட்டை. புதுக் கைப்பிடி லூசாக இருந்தால், தள்ளுகிற விசை கைப்பிடியை நகர்த்திவிடும், வால்வ் அசையாது. அதனால் கைப்பிடிக்கு இறுக்கமான வாஷர், பழைய லீவருக்கு இறுக்கம் குறைவு. சாதாரணமா நாம பழைய லீவரைத்தான் இறுக்குவோம். இங்கே தலைகீழ்.

நான்கு, ஆட்டம். தகடின் நுனி 10 சென்டிமீட்டர் நகர பிளேடு 60 நகருது, அதாவது ஆறு மடங்கு. இணைப்பில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பிளேடில் 6 மில்லிமீட்டர். சாதா போல்ட்டை ஓட்டையில் விட்டுக் கட்டுவதற்குப் பதிலா ராட் எண்ட் பந்து மூட்டு வாங்கிப் போடுங்க. மொத்த வேலையில் காசு செலவழிக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

அதே நேரம் கொஞ்சம் ஆட்டம் நல்லது. துளிகூட இல்லாமல் இறுக்கினால், கசிவுள்ள பழைய லிஃப்ட் இறங்கும், ஏறும், இறங்கும், ஏறும். விக்கல் எடுத்த மாதிரி ஆர்ம் துள்ளும். வால்வின் நடு நிலை அகலம் அந்தத் துள்ளலை விழுங்கும் அளவுக்கு இருக்கணும். விக்கல் ரொம்ப அதிகமா இருந்தால் அது பட்டையின் வியாதி இல்லை, உள்ளே சிலிண்டர் சீல் போயிருக்கு என்று அர்த்தம். முதல்ல அதைப் பாருங்க.

ஐந்து, உழவு. டிராஃப்ட் ஸ்பிரிங் உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கு. பனி பிளேடுக்கு அது தொந்தரவு தராது. ஆனா கலப்பை மாட்டும்போது உயரமும் இழுவையும் ஒரே வால்வுக்கு இரண்டு எஜமான் ஆகிடும். அதனால் கீழ்க் கம்பியைத் தகடிலிருந்து விடுவித்து, டிராக்டரின் உடம்பில் நிலையா ஒரு இடத்தில் பின் போட்டு மாட்டிவிடணும். பட்டை சாதாரண நெம்புகோல் ஆகிடும். ஃபெர்குசன் செய்தது ஃபெர்குசனுக்கே.

சரி, மைக்ரோகன்ட்ரோலர் ஏன் இல்லை?

முடியாததால் இல்லை. ஆர்மில் ஒரு கோண சென்சார், ஒரு சின்ன போர்டு, லீவரைத் தள்ள ஒரு ஆக்சுவேட்டர். ஒரு வார இறுதியில் மேஜை மேல் ஓட்டிவிடலாம். இன்றைய பெரிய டிராக்டர்களில் லிஃப்ட் முழுக்க மின்னணுதான், இழுவையைக்கூட லோயர் லிங்கின் பின்னிலேயே அளக்குறாங்க.

ஆனா இந்த 2என் பிறக்கும்போது 6 வோல்ட், அதிலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்போடு சேர்ந்தது. ஸ்டார்ட் பண்ணும்போது மின்னழுத்தம் விழும். மைனஸ் 25, உருகின பனித் தண்ணீர், உப்பு, அதிர்வு. இவ்வளவையும் தாங்குகிற பெட்டி, கனெக்டர், ரெகுலேட்டர் என்று சேர்த்தால் ஒரு கம்பியின் வேலைக்கு ஒரு குடும்பமே வந்து உட்காரும்.

அதைவிட முக்கியம், உடைந்தால் என்ன ஆகும் என்பது. கம்பியும் உடையும், சாகாவரம் வாங்கிட்டு வரலை. உடைந்தால் தொங்கிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும், அண்ணை ஒரு கட்டுக்கம்பியால் கட்டிக்கொண்டு வேலையை முடிப்பார். விடியற்காலை 4 மணிக்கு போர்டு செத்தால் அவர் எனக்குத்தான் போன் பண்ணணும். எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரிந்ததை விட அவருக்கு ரிப்பேர் பண்ணத் தெரிந்ததை மாட்டுவதுதான் சரி.

இதை மட்டும் மறக்காதீங்க

பொசிஷன் கன்ட்ரோல் சேர்த்ததும் டிராக்டருக்கு ஒரு புதுக் குணம் வந்துடுது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பக்கத்தில் போகாதீங்க.

பம்ப் ஓடுவது பி.டி.ஓ. மூலமா. கிளட்சை மிதித்தால் பம்ப் நிற்கும், எஞ்சினை அணைத்தால் நிற்கும். பிளேடை உயரத்தில் விட்டு எஞ்சினை அணைத்தால் ராத்திரியில் கசிந்து தரைக்கு வந்துவிடும். ஆனா கைப்பிடி இன்னும் உயரத்தில் இருக்கு. ஆர்ம் இறங்கினதால் பட்டை வால்வை 'ஏற்று' நிலைக்கு இழுத்து வைத்திருக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணி கிளட்சை விட்டதும், யாரும் எதையும் தொடாமலே பிளேடு எழும்பும். பின்னால் பனியைத் தட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நின்றால்?

கட்டளை இன்னும் நிலுவையில் இருக்கு, சக்தி வந்ததும் இயந்திரம் அதை நிறைவேற்றும். ஃபீட்பேக் உள்ள எந்த இயந்திரத்துக்கும் இந்தக் குணம் உண்டு. மின்சாரம் போய் வந்ததும் திடீரென்று திரும்புகிற ரோபோ கையும் இதுதான்.

அதனால் அண்ணை வீட்டில் சட்டம்: இறங்கும் முன் பிளேடு தரையில், கைப்பிடி கடைசி வரை கீழே, அப்புறம்தான் எஞ்சின் ஆஃப். கைப்பிடியின் அந்த இடத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கு. தூக்கின பிளேடுக்கு அடியில் யாரும் கையை விடக்கூடாது, மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுக்காமல். எண்ணெய் கசியுதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அழுத்தத்தில் இருக்கிற எண்ணெய் தோலுக்குள் பாயும், அதுக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அட்டைத்துண்டைக் காட்டிப் பாருங்க.

இன்னொரு எல்லையும் இருக்கு. பட்டை அளப்பது டிராக்டரோடு ஒப்பிட்ட ஆர்மின் உயரத்தை. தரையிலிருந்து பிளேடின் உயரத்தை அது அளக்கவில்லை. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பின்னால் பிளேடு எழும்பத்தான் செய்யும். பாதையில் பெரிய குழி இருந்தால் முதல்ல குழியை மூடணும். அதுக்குக் கம்பி உதவாது. எதை அளக்குதோ அதைத்தான் கட்டுப்படுத்தும் என்று மேலே சொன்னேன், நாங்க போட்ட பட்டைக்கும் அது பொருந்தும்.

இப்போ கைப்பிடியின் பக்கத்தில் மூணு கோடு: வாசல், பாதை, ஓரம். பாதைக்கான கோடு அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, அவ்வளவுதான் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வேண்டிய தூரம். அக்காவும் ஓட்டுறாங்க. புரோபேன் லாரி வந்து போகுது.

உங்கள் வீட்டிலோ வேலை செய்கிற இடத்திலோ 'ஏறும் இறங்கும், நடுவில் நிற்காது' என்று இருக்கிற இயந்திரம் ஏதாவது இருந்தால் எழுதுங்க. அது எதை அளக்குது என்பதையும் சேர்த்து எழுதுங்க. நல்லதா இரண்டு மூணு எடுத்து அடுத்த எபிசோடில் பேசுவோம்.